சுவிட்ச் பக்கத்தில் நிற்பவர்

அத்தானை முதன்முதலாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கோபத்தில்தான் பார்த்திருப்பார்கள். லிஃப்ட் ஓடுகிறவரை லிஃப்ட் மெக்கானிக் என்று ஒருவர் இருப்பதே யார் நினைவுக்கும் வராது. நின்றுபோனால்தான் தேடுவார்கள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டவர்களும், முழங்கால் வலிக்காரர்களும், இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களும் அவர் தலை தெரிந்ததும் "இதுதான் வர்ற நேரமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டார். தோளில் கருவிப்பையோடு நேராக மொட்டைமாடிக்குப் படியேறிவிடுவார்.

"உங்களுக்குக் கோபமே வராதா அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க என்னையா திட்டறாங்க? படியைத் திட்டறாங்க மாப்ளே. படிக்குக் காது இல்ல, அதான் என்கிட்ட சொல்றாங்க."

அவர் என் அக்காவின் கணவர். அக்காவுக்கு நான் ஒரே தம்பி, அவர்களுக்கு ஒரே மகள். குடும்பம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவு பேர்தான்.

அக்காவை அத்தான் முதலில் பார்த்தது இரண்டு மாடிகளுக்கு நடுவில். அப்போது அவள் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். மாலையில் எல்லாரும் போனபிறகு தனியாக இறங்கியவள் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். விளக்கும் போய்விட்டது. அத்தான் வந்து பார்த்தால் ஏதோ பாகம் உடைந்திருக்கிறது, கிடங்கிலிருந்து வரவேண்டும். அது வரும்வரை அவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டே இருந்தாராம். "நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல." உள்ளே இருந்து அக்கா திட்டத் திட்ட, இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சுத்துணை இல்லாமல் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் உள்ள பழக்கம். அக்கா அதைத் தனக்கு மட்டும் செய்தது என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்து வெகு நாட்கள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. "எல்லார்கிட்டயும் இதே வசனமா?" என்று இடித்துக் காட்டுவாள். "எல்லாரும் உன்ன மாதிரி திட்டல" என்பார் அவர்.

இன்னொரு பழக்கமும் உண்டு. லிஃப்ட் ஏறி இறங்கும் கிணறு போன்ற இடத்தை அவர்கள் ஷாஃப்ட் என்பார்கள். அதற்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப்பூட்டு, தனிச்சாவி, பூட்டில் தொங்கும் சிவப்பு அட்டையில் அவரவர் பெயர். மாட்டியவர்தான் கழற்றவேண்டும். கட்டடத்துச் சொந்தக்காரரே வந்து குதித்தாலும் வேறு கை படக்கூடாது. இரண்டு பேராகப் போனால் ஒருவர் உள்ளே, ஒருவர் சுவிட்ச் பக்கத்தில். அத்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்ளே யாரும் இல்லை என்று நினைத்து ஒருவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். உள்ளே இருந்தவர் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டதால் பிழைத்தார். அன்றிலிருந்து அத்தானுக்கு அந்தப் பூட்டு வெறும் விதி இல்லை. சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

பூட்டியவர் வரவே முடியாத நிலைமை என்றால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அத்தானோடு வேலை பார்த்த ஒருவரை எல்லாரும் நெட்டை என்பார்கள். இவர் வயதுதான், இவரைவிட ஒரு தலை உயரம். அவர் ஒருமுறை பூட்டை மாட்டிவிட்டு, தன் அண்ணன் கல்யாண அவசரத்தில் அப்படியே கிளம்பிப் போய்விட்டார். அத்தான்தான் போகவேண்டி வந்தது. முதலில் பூட்டியவரைப் போனில் கூப்பிட வேண்டும். எடுக்கிறாரோ இல்லையோ, மணி அடித்து ஓயும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் ஷாஃப்டை மேலிருந்து அடிவரை கண்ணால் பார்க்கவேண்டும், குரல் கொடுத்தால் போதாது. கூட ஒரு சாட்சி வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே வெட்டலாம். வெட்டிய பூட்டை உரியவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"இந்தாப்பா, உங்க அண்ணன் கல்யாணத்துக்கு என் பரிசு" என்று அதை நெட்டையிடம் நீட்டினாராம்.

"பரிசை ரெண்டா வெட்டித்தான் குடுப்பீங்களா?" என்றாராம் நெட்டை.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அக்கா மகள். எதற்கெடுத்தாலும் வாதம் செய்வாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். தூங்கப் போ என்றால் காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு காரணம் கேட்பாள். அவர்கள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. "ஊரையே மேல ஏத்தி விடறவர் வீட்டுக்கு நாம மட்டும் நடந்து ஏறணும். இது எந்த ஊர் நியாயம் மாமா?" என்று ஒவ்வொரு படியிலும் என்னிடம் முறையிட்டுக்கொண்டு வருவாள். அத்தான் அவளிடம் தோற்பதற்காகவே சில வாதங்களை ஆரம்பிப்பார்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவள் பேச்சு குறைந்தது. படிப்புக் கவலை என்று நினைத்தோம். தூக்கம் வரவில்லை என்றாள். கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். ஒரு நாள் பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் அத்தான் ஒரு ஷாஃப்டுக்குள் இருந்தார். அங்கே போன் எடுக்காது. கட்டடத்துக் காவலாளி மேலிருந்து குனிந்து கத்தித்தான் சொன்னார். கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். அன்று அவர் செய்த தவறு, அவர் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. அந்தக் கட்டடத்து மெயின் சுவிட்சில் அவர் பூட்டு அப்படியே தொங்கியது.

நிறுவனம் மறுநாளே நெட்டையை அனுப்பியது. நெட்டை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "கூப்பிடாம வெட்டக்கூடாது. இப்ப போய் அவரைக் கூப்பிட என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாராம். பத்து மாடிக் கட்டடம். அங்கிருந்தவர்கள் எல்லாரும் நாள்கணக்கில் படியேறினார்கள்.

வீட்டில் எல்லாம் அடங்கியபிறகு அத்தானே போய்க் கழற்றுவதாகச் சொன்னார். துணைக்கு நான் போனேன். மழிக்காத முகம், ஒரே வாரத்தில் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் மளிகைப் பையோடு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"ஒரு பூட்டைத் தொறக்க இத்தனை நாளாய்யா? உங்க வீட்டுல என்ன, எழவா விழுந்துச்சு?"

"ஆமாங்க" என்றார் அத்தான்.

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெரியவர் பையைத் தரையில் வைத்தார். நாங்கள் படியேறினோம். மேலே போய், கழுத்திலிருந்த சாவியால் அத்தான் பூட்டைத் திறந்தார், எப்போதும்போல அட்டையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அது எனக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

போலீஸ்காரர்கள் வழக்கை முடித்து, அவள் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்கள். அது பூட்டியிருந்தது. எண்ணைப் போட்டால்தான் திறக்கும், எண் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சில மாதம் கழித்து அவளோடு படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே பேசினாள். தூக்கம் வராதவர்களுக்கு என்று இணையத்தில் ஒரு குழு இருந்ததாம். இவளும் வக்கீலும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒருவரை எல்லாரும் சித்தி என்று கூப்பிடுவார்களாம்.

"ரொம்பப் பாசமாப் பேசுவாங்க மாமா. தினமும் சாப்பிட்டியான்னு கேப்பாங்க. அப்புறம் தனியா வந்து பேசுவாங்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதே, அவங்களுக்குப் புரியாதும்பாங்க. போறதுன்னு முடிவு பண்ணிட்டா நீ தைரியசாலிம்பாங்க. கடைசிவரைக்கும் நான் கூடவே இருக்கேன்னு..."

அத்தான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் பயந்துபோய்க் குழுவை விட்டு வெளியேறியிருக்கிறாள். எல்லாவற்றையும் அழித்தும் விட்டாள். சித்தியின் எண்ணோ கணக்கோ அவளிடம் இல்லை. அவள் போனபிறகு, குடிக்காமல் வைத்த தம்ளரை எடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"எனக்குத் தங்கச்சியே கிடையாதேடா. என் பொண்ணுக்கு சித்தி எங்கிருந்து வந்தா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்றால் போனைப் பற்றித்தான். திறக்கவேண்டும் என்றாள் அக்கா. கூடாது என்றார் அத்தான்.

"கடையில குடுத்தா தொறந்து தர்றாங்களாம்."

"அவ போட்ட பூட்டு."

"அது லிஃப்ட் இல்லைங்க."

"தெரியும்."

"சாவியைக் கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அப்ப எப்பத்தான் தொறக்கிறது? அவ வந்தா?"

போனை உறையோடு எடுத்துத் தன் கருவிப்பையில், பூட்டு வைக்கும் உள்ளறையில் வைத்துக்கொண்டார். அக்கா அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்தினாள். ஒரே அறையில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம், "உங்க அத்தான்கிட்ட சொல்லு, சோறு வச்சிருக்கேன்னு" என்பாள். நான் அவர் பக்கம் திரும்பி அதையே சொல்வேன். "சாப்பிடறேன்னு சொல்லு" என்பார். இப்படியே ஒரு வருடம் ஓடியது. அந்த எண் வேறு யாருக்கும் போய்விடக்கூடாதென்று அக்கா மாதாமாதம் அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டு வந்தாள்.

நான் யார் பக்கமும் பேசவில்லை. உள்ளே எங்களைப் பற்றி என்ன எழுதியிருப்பாளோ என்ற பயம் எனக்கு இருந்தது. அத்தானுக்கும் அது இருந்திருக்கலாம். கேட்டதில்லை.

இணையத்தில் ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டுவதையும், அதற்குத் தைரியம் ஊட்டுவதையும் குற்றமாக்கும் சட்டம் ஒன்று வரப்போவதாக அப்போது செய்தி வந்தது. பக்கத்தில் இருந்து கை கொடுத்தவரைப் பிடிக்க ஏற்கெனவே சட்டம் இருந்தது. எங்கோ உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவரை அந்தச் சட்டம் தொடவில்லை. சட்டசபைக் குழு ஒன்று பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. குடும்பத்தில் படித்த ஆள் என்று என்னைக் கேலி செய்வார்கள். எழுதிப் போடும் வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். அத்தான் தானாக வந்து, "மாப்ளே, என் பேரை எழுதிப் போடு" என்றபோது என்னால் நம்ப முடியவில்லை. அக்காவும் கூட வந்தாள்.

நீளமான மேசை. ஒவ்வொருவர் முன்னும் தண்ணீர் பாட்டில், மைக். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அப்போதுதான் குரல் கேட்கும். அத்தான் ஒவ்வொரு முறையும் அழுத்த மறந்தார். ஒரு அலுவலர் எழுந்து வந்து அழுத்திவிட்டுப் போனார். எங்களுக்கு முன்னால் பேசிய ஒருவர், தானும் ஒரு காலத்தில் சாக நினைத்தவர், "ரெண்டு பேர் இணையத்துல மனசு விட்டு அழுதாலும் உள்ள தூக்கிப் போட்டுடாதீங்க. அப்புறம் யாரும் வாயையே திறக்கமாட்டாங்க" என்று சொல்லியிருந்தார். உறுப்பினர்கள் அதைப் பற்றித்தான் கவலையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் தன் மகளைப் பற்றி நான்கைந்து வரி சொன்னார். கண்ணாடி போட்ட உறுப்பினர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்த உரையாடல்ல என்ன இருந்துச்சுன்னு சொல்ல முடியுங்களா?"

"தெரியாதுங்க."

"நீங்க படிக்கலையா?"

"போன் பூட்டியிருக்கு."

"திறக்க முயற்சி பண்ணலையா?"

"இல்லைங்க."

"ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அத்தான் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் மக போட்ட பூட்டுங்க."

பக்கத்தில் இருந்த உறுப்பினர் குறுக்கிட்டார். "அப்ப அந்த ஆள்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?"

"அப்படிச் சொல்லலைங்க. அப்படி ஒரு ஆள் இருந்தா நிறுத்துங்கன்னு சொல்றேன்."

நேரம் முடிந்தது என்றார்கள். நன்றி சொன்னார்கள். வெளியே தாழ்வாரத்தில் வந்ததும் அக்கா, ஒரு வருடத்துக்குப் பிறகு, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்தோம். காலி இடம் நிறைய இருந்தது.

சட்டம் நிறைவேறிய அன்று அக்கா வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அக்கா அதைப் பற்றித்தான் பேசினாள். டிவியில் யார் யாரோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அதற்குப் பிறகு, பல மாதம் கழித்து, ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்தார். இந்தச் சட்டத்துக்காகப் புதிதாக அமைத்த பிரிவில் இருப்பவர். சாதாரண உடையில், கையில் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். ஏறி வந்த களைப்பில் வாசலிலேயே சற்று நின்றார்.

"லிஃப்ட் மெக்கானிக் வீடுன்னு நம்பி வந்துட்டேன்" என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் ஏமாந்து போறாங்க" என்றாள் அக்கா. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சட்டசபைக் குழுவில் அத்தான் பேசிய பதிவைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். சுற்றி வளைக்கவில்லை.

"முதல்லயே சொல்லிடறேன். உங்க பொண்ணு விஷயத்துல இந்தச் சட்டத்தால ஒண்ணும் ஆகாது. சட்டம் வந்ததுக்கு அப்புறம் செஞ்ச குற்றத்துக்குத்தான் தண்டனை. அதுக்கு முன்னாடி நடந்ததுக்கு இது பொருந்தாது."

அக்கா தம்ளரை வாங்கிக்கொண்டாள். "அப்ப எதுக்கு இவ்வளவு மாடி ஏறி வந்தீங்க?"

"அந்த சித்திங்கற ஆள் இதை விட்டிருக்கமாட்டாங்கன்னு தோணுது. குழுவை மாத்திக்கிட்டே இருப்பாங்க. கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும்னா எந்தக் கணக்குன்னு நாங்க சொல்லணும். எங்ககிட்ட அது இல்ல. உங்க பொண்ணு போன்ல இருக்கலாம். குடும்பத்துல சம்மதிச்சாத்தான் ஆய்வகத்துல திறப்பாங்க. கட்டாயம் இல்ல."

அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அத்தானுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். நல்ல காது அதிகாரி பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் குரூப்புல வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

"இருக்கலாம்."

"இப்பவும்?"

"தெரியாதுங்க" என்றார் அதிகாரி. "உள்ள பார்க்காம எப்படிச் சொல்றது?"

அத்தானின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வேலையில் ஒவ்வொரு நாளும் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த பேச்சு அது. எழுந்து உள்ளே போனார். கருவிப்பையை எடுத்துவந்து, உள்ளறையிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம். கூப்பிட்டுப் பார்க்கணும்."

"யாரைங்க?"

அத்தான் தன் போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினார். நல்ல காதில் வைத்துக்கொண்டார். அறையில் இருந்த எல்லாருக்கும் அந்தப் பதிவுக் குரல் கேட்டது. நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மேசைமேல் அந்த போன் உறைக்குள் கருப்பாகக் கிடந்தது. அவர் பாதியில் வைக்கவில்லை. குரல் திரும்பத் திரும்பச் சொல்லி முடித்து, இணைப்பு தானாகவே அறுந்துபோகும்வரை வைத்திருந்தார். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அந்த முறை தெரியாது. ஆனாலும் குறுக்கே பேசவில்லை.

"மாப்ளே, நீ சாட்சி" என்றார் அத்தான்.

"ஏன், நான் இல்லையா?" என்றாள் அக்கா.

"நீயும்தான்மா. ரெண்டு பேரும்."

உறையை அதிகாரி கையில் வைத்து, விடாமல் ஒரு கணம் பிடித்திருந்தார். "வேலை முடிஞ்சதும் எங்க கையில திருப்பிக் குடுத்துடணும்."

"நானே கொண்டுவந்து தர்றேன்" என்றார் அவர்.

செய்தி போனில் வந்தது. அத்தான் காதுக்காக நான் ஸ்பீக்கரில் போட்டேன். சித்தி கிடைத்துவிட்டாள். சித்தி ஒரு ஆண். ஒரு பார்சல் அலுவலகத்தில் வேலை, மனைவி, குழந்தைகள் எல்லாம் உண்டு. பேரை மாற்றிக்கொண்டு வேறொரு குழுவில் பெரியம்மாவாக இருந்திருக்கிறார். சட்டம் வந்தபிறகும் நிறுத்தவில்லை. அந்தக் குழுவில் இரண்டு பேரோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருத்தி வேறு ஊரில் பள்ளி மாணவி. விஷயம் தெரிந்ததும் அவள் அம்மா வேலையை விட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாராம். இப்போது டாக்டரிடம் போகிறார்கள், பேசுகிறாளாம், கொஞ்சம் சாப்பிடுகிறாளாம்.

"இன்னொருத்தர்?" என்றார் அத்தான்.

"அந்த எண் இப்ப உபயோகத்துல இல்லைங்க. தேடிக்கிட்டிருக்கோம்."

"கிடைச்சா சொல்லுவீங்களா?"

"சொல்றேங்க."

"எதுவா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும்" என்றார் அதிகாரி. அந்த மாணவி விஷயத்தில் வழக்குப் போடுகிறார்கள். வக்கீலின் பெயர் அதில் எங்கும் வராது என்பதையும் அவரே சொன்னார். மறைக்கவில்லை.

போனை வைத்ததும் அக்கா சொன்னாள். "வக்கீல் இல்லாம கேஸ் நடத்தறாங்க. ஜெயிச்ச மாதிரிதான்."

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. சிரிப்பு என்று அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா எழுந்து போய் அவருக்குச் சோறு போட்டாள். என்னிடம் சொல்லி அனுப்பவில்லை.

அந்த வருடமே அத்தான் ஓய்வு பெற்றார். பூட்டையும் சாவியையும் நிறுவனத்தில் ஒப்படைத்துவிட்டார். கழுத்துச் சங்கிலி வெறுமையாகக் கிடக்கிறது, கழற்றவில்லை. இன்னொருவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. எப்போதாவது அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்பார். அவரும் அலுத்துக்கொள்ளாமல், "இன்னும் இல்லைங்க" என்பார்.

அதிகாரி சொன்னபடி தானே கொண்டுவந்து போனைக் கொடுத்தார். "லாக் எடுத்தாச்சு. இப்ப யார் வேணும்னாலும் திறக்கலாம்" என்றார். அத்தான் அதை வாங்கி வக்கீலின் படிப்பு மேசைமேல் வைத்தார். சார்ஜ் ஏற்றி வைத்தார். அதற்குப் பிறகு தொடவில்லை. அக்காவும் தொடவில்லை. அந்த அறையைத் துடைக்கும்போது போனைத் தூக்கி, அடியில் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைப்பாள்.

போன வாரம் ஒரு மதியம் நான் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்திருந்தோம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "நான் பார்க்கப் போறேன்" என்றாள். எதை என்று நாங்கள் கேட்கவில்லை.

"பாரு" என்றார் அத்தான்.

"நீங்க?"

"என்னால ஆகாதும்மா." எழுந்தார். "நீ உள்ள இரு. நான் சுவிட்ச் பக்கத்துல நிக்கிறேன்."

அக்கா அந்த அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அத்தான் அறை வாசலில், எங்களுக்கு முதுகு காட்டாமல், உள்ளேயும் பார்க்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றார். முப்பது வருடம் அப்படி நின்று பழகிய உடம்பு. நான் கூடத்தில் இருந்தேன். உள்ளே ஒருமுறை வக்கீலின் குரல் கேட்டது, ஏதோ பழைய வீடியோ, யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அக்காவின் மூச்சு மட்டும்.

வெளிக்கதவு திறந்துதான் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் பற்றிக் கேட்க ஏறி வந்து, "சார், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?" என்றார்.

அத்தான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்புறம் வர்றேங்க. உள்ள ஆள் இருக்காங்க."